முதுகுத் தகடு

பெரியவரின் முதுகில் மெழுகு விரிசல் விட்டிருந்தது.

முதுகு முழுக்க விட்டிருந்தால் வெயில், பனி என்று ஏதாவது சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். அப்படி இல்லை. தோளுக்குக் கீழே இருக்கிற தகட்டை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளின் தலையைச் சுற்றி மட்டும், வட்டம் போட்ட மாதிரி, மயிரிழை அளவுக்கு ஒரு கோடு. நேற்று சாயங்காலம் அவளே மெழுகு பூசி, பழைய பருத்தித் துணியால் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி ஆக்கிவிட்டுப் போன இடம். ஆறி இறுகின மெழுகு பொய் சொல்லாது. அடியில் போல்ட் இம்மி அசைந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். ஏணியில் நின்றபடி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். பொடிப்பொடியாக உதிர்ந்தது. யாரோ திருகியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. சாயங்காலம் கதவு சாத்தினபிறகு அந்தத் தோட்டத்தில் காவல் இருப்பது ஒரே ஒரு ஆள்தான். அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

அருங்காட்சியகத்தின் பின்தோட்டத்தில் நிற்கிற, உட்கார்ந்திருக்கிற, படுத்திருக்கிற வெண்கலச் சிலைகளைக் குளிப்பாட்டித் துடைத்து மெழுகு பூசி வைப்பது அவள் வேலை. உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற சிலைகளுக்குக் குளிர்சாதனம், தனி விளக்கு, கையுறை போட்ட ஆட்கள் என்று ராஜ உபசாரம் நடக்கும். வெளியே கிடப்பவர்களுக்கு அவளை விட்டால் நாதி கிடையாது. பறவை எச்சத்தைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய பிரஷால் எடுக்க வேண்டும், மடிப்புகளில் பூக்கிற பச்சைக் களிம்பைத் துடைக்க வேண்டும், நல்ல தண்ணீரில் அலச வேண்டும். காய்ந்தபிறகு கேஸ் டார்ச்சால் உலோகத்தைச் சூடாக்கி மெழுகைத் தடவினால் அது உருகி, கண்ணுக்குத் தெரியாத துளைகளுக்குள் எல்லாம் இறங்கும். அந்த வாசனை, சூடான உலோகமும் தேன்மெழுகும் கலந்த வாசனை, அவள் தலைமுடியிலேயே குடியிருந்தது.

இந்த வேலையில் அவளுக்குக் கைவந்த இன்னொரு விஷயம், எங்கே கை பட்டிருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவது. வெண்கலத்தைத் தொடத் தொட மேலே இருக்கிற பழுப்பு போய் உள்ளே இருக்கிற மஞ்சள் வெளியே வரும். பெரியவரின் இடது முழங்கால் அப்படித்தான் தங்கம் மாதிரி மின்னும், வருகிற பிள்ளைகள் எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டுதான் போட்டோ எடுத்துக்கொள்ளும். ஒரு நாளில் ரெண்டு நாளில் வருகிற மினுக்கு இல்லை அது. வருஷக்கணக்காக, ஆயிரக்கணக்கான கைகள் தடவிக் கொடுத்தது.

பெரியவர் என்பது ஊழியர்கள் வைத்த பெயர். கல்லில் வேறு என்னவோ பொறித்திருக்கும், அதை யார் படித்தார்கள். ஆளைவிடக் கொஞ்சம் பெரிய உருவம். வெறும் காலோடு, இரண்டு முழங்காலிலும் கையை வைத்துக்கொண்டு, டாக்டர் எப்போது கூப்பிடுவார் என்று காத்திருக்கிற மாதிரி கல் திண்டில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வெறும் கூடு. விரல் முட்டியால் தட்டினால் கணீர் என்று கேட்கும். மழைத் தண்ணீர் உள்ளே தேங்கிவிடாமல் இருக்க, பின்பக்கம் இடுப்புக்குக் கீழே, கல்லோடு சேர்கிற இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வடிகால் துளை. முதுகில் ஆள் குனிந்து நுழையக்கூடிய அந்தத் தகடு. உள்ளே தாங்கி நிற்கிற இரும்புக் கம்பி துருப்பிடித்தால் மாற்றுவதற்காக வைத்தது. அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து அதை யாரும் திறந்து பார்த்ததில்லை.

தம்பியைச் சந்தேகப்பட அவளுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவன் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் அம்மாவின் வளையல் ஒன்று காணாமல் போனது. மெத்தையைப் பிரித்து, டப்பாக்களைக் கவிழ்த்து, தண்ணீர்த் தொட்டியைக் காலி பண்ணி, வீட்டைத் தலைகீழாகப் புரட்டினார்கள். எல்லாவற்றிலும் முன்னால் நின்று தேடியவன் அவன்தான். அக்கா போட்டுப் பார்க்கிறேன் என்று எடுத்தாளே, எங்கேயாவது கழற்றி வைத்துவிட்டாளோ என்று அம்மாவிடம் மெதுவாகப் போட்டும் கொடுத்தான். அன்றைக்கு அடி வாங்கியது அவள். அப்புறம் கடைக்காரர் மூலமாக விஷயம் வெளியே வந்தது. எடுத்ததைக்கூட அவள் மன்னித்துவிட்டாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடும்போது அவன் வைத்திருந்த முகம், அந்த அப்பாவி முகம், அதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. அவனும் அதற்கென்று ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டவன் இல்லை. அதிலிருந்து அவன் எது சொன்னாலும் தட்டிப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்வாள்.

எந்த வேலையிலும் தரிக்காமல் திரிந்தவனுக்கு இந்தக் காவல் வேலை கிடைத்ததே அவள் பேச்சால்தான். அம்மா அழுது கேட்டுக்கொண்டதால் கண்காணிப்பாளரிடம் போய் நின்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, உங்க முகத்துக்காக எடுக்கிறேன், நாளைக்கு ஒரு ஆணி காணாமல் போனாலும் அவரைக் கேட்க மாட்டேன், உங்களைத்தான் கேட்பேன் என்றார். மழைக்காலம் முடிந்ததிலிருந்து வேலைக்கு வருகிறான். இதுவரை ஒரு குறையும் இல்லை. அம்மா இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறாள். இவன் மறுபடியும் கை வைத்தான் என்று தெரிந்தால் அந்த மனுஷி தாங்க மாட்டாள்.

வெண்கலத்தை வெட்டி உருக்கி விற்கிற கும்பல்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். முதலில் உள்ளே எப்படிப் பொருத்தியிருக்கிறது என்று பார்ப்பார்களாம். அதற்கு உள்ளாள் ஒருத்தன் வேண்டுமாம்.

அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. மறுபடி மெழுகு பூசினாள். மறுநாள் காலையில் மறுபடி விரிசல்.

அன்றிலிருந்து தம்பியைக் கவனிக்க ஆரம்பித்தாள். ஒரு வீட்டில் இருந்துகொண்டு ஒரு ஆளை வேவு பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. சாப்பிட உட்காரும்போது தட்டை நகர்த்துகிற சாக்கில் அவன் கையை முகர்ந்தாள், உலோக வாடை. நகக்கண்ணில் பச்சை. துவைக்கப் போட்ட சீருடைச் சட்டையின் முதுகில் அகலமாக மெழுகுக் கறை, எதன் மேலோ வெகுநேரம் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி. அவன் குளிக்கும்போது பையைத் துழாவினாள். துணியில் சுற்றி ஒரு ஸ்பேனர் இருந்தது. காவல்காரனுக்கு எதற்கு ஸ்பேனர் என்று கேட்க வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

ஒருநாள் வேலை முடிந்தும் கிளம்பாமல் சாமான் அறையில் விளக்கைப் போடாமல் நின்றாள். பிரஷ்களும் ஈரத் துணிகளும் நாறுகிற அந்தச் சின்ன அறையின் ஜன்னல் வழியாகப் பெரியவரின் முதுகு தெரியும். கடைசிப் பார்வையாளர்கள் போனார்கள், நடைபாதை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன, பறவைகளின் சத்தம் அடங்கியது. தம்பி வந்தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திண்டின் மேல் ஏறினான். தகட்டின் மேல் காதை வைத்தான். ரொம்ப நேரம் அப்படியே இருந்தான். பிறகு ஸ்பேனரை எடுத்துத் திருகினான். எந்தப் பக்கமாகத் திருகுகிறான் என்பது அங்கிருந்து தெரியவில்லை. முடித்துவிட்டுத் தகட்டில் முதுகைச் சாய்த்து, கால்களைக் கல்லில் ஊன்றி உட்கார்ந்தான். சிகரெட் இல்லை, போன் இல்லை. ஆனால் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

யாருக்கோ காத்திருக்கிறான் என்று நினைத்தாள். அவள் நின்றவரை யாரும் வரவில்லை.

மறுநாள் ஸ்டோரிலிருந்து குழாய்க் கேமராவைக் கேட்டு வாங்கினாள். சுண்டுவிரல் பருமனுக்கு நீளமான ரப்பர் குழாய், நுனியில் குட்டி லென்ஸும் விளக்கும், இந்தப் பக்கம் உள்ளங்கை அளவுக்குத் திரை. இரும்புக் கம்பியின் துருவைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கினாள். அவள் நினைத்தது வேறு. திருட்டுச் சாமான் எதையாவது உள்ளே ஒளித்துவைக்கிறானோ என்னவோ. சிலையைப் பெட்டியாக ஆக்கிக்கொள்ளக்கூட அவனுக்குத் தைரியம் உண்டு.

வடிகால் துளை வழியாகக் குழாயை விட்டாள். சிலையின் உட்புறம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். வார்த்த காலத்துக் களிமண் கருகி ஒட்டியிருக்கும், சொரசொரப்பாக, கறுப்பாக, அங்கங்கே களிம்பு. முதலில் அப்படித்தான் தெரிந்தது. குழாயைத் தொடைப் பக்கம் திருப்பினாள். திரை மஞ்சளாக மின்னியது.

உள்முழங்கால் பளபளத்தது.

விளக்கு பட்டதால் என்று நினைத்து, குழாயை நகர்த்தினாள். கெண்டைக்கால் கறுப்பு. குதிகால் தங்கம். மேலே கொண்டுவந்தாள். முழங்கையின் உட்புறம் தங்கம். தோளின் உட்புறம் தங்கம். உள்ளங்கை, விரல்கள், ஒவ்வொரு விரலின் நுனி வரைக்கும், உள்பக்கமாக, வழவழவென்று தேய்ந்து மின்னியது. செருப்புக்குள்ளே பாதம் பதிந்த இடம் தேயுமே, அந்த மாதிரி.

படுபாவி, உள்ளே போய்ப் படுத்துத் தூங்குகிறானா. அதுதான் அவளுக்கு முதலில் வந்த எண்ணம். காவல் வேலையில் தூங்க இப்படி ஒரு இடம் கண்டுபிடித்திருக்கிறானே என்று ஒரு நிமிஷம் சிரிப்புக்கூட வந்தது. ஆனால் அவள் கண் படித்தது வேறு. இந்த மினுக்கு மழைக்காலத்துக்கு அப்புறம் வந்தவனால் வராது. எத்தனையோ வருஷம் தேய்க்க வேண்டும். வெளியே பிள்ளைகள் முழங்காலைத் தடவிய காலம் முழுக்க, உள்ளே இருந்து யாரோ.

முகத்தைப் பார்க்கலாம் என்று குழாயைக் கழுத்துக்கு மேலே தள்ளினாள். மூக்கின் குழி தெரிந்தது, உதட்டின் குழி தெரிந்தது, எல்லாம் மின்னின. அப்போது திரை இருண்டது. விளக்கு அணையவில்லை. லென்ஸின் மேல் ஏதோ வந்து படிந்த மாதிரி, சிவப்பு கலந்த இருட்டு. வெளிச்சத்துக்கு எதிரே உள்ளங்கையை வைத்தால் தெரிகிற நிறம்.

குழாயை உருவினாள். நீளம் முழுக்கக் கரியும் தூசியும் அப்பியிருந்தது. நுனி மட்டும் சுத்தமாக இருந்தது. யாரோ கட்டை விரலால் துடைத்துவிட்டதுபோலச் சுத்தமாக. தொட்டுப் பார்த்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. விளக்குச் சூடு என்று சொல்லிக்கொண்டு குழாயைச் சுருட்டினாள்.

அன்று சாயங்காலம் தம்பி வேலைக்கு வந்ததும் அவனைப் பெரியவர் முன்னால் நிறுத்தினாள். என்ன மேடம், சோதனையா என்று வழக்கம்போலக் கிண்டலாக ஆரம்பித்தவன், அவள் கையில் ஸ்பேனரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். அவன் பையிலிருந்து அவளே எடுத்து வந்திருந்தாள்.

"யாருக்காக இதைக் கழட்டுற? உண்மையைச் சொல்லு" என்றாள்.

"கழட்டலை. முறுக்கறேன்."

அவன் சொன்னது இதுதான். வேலைக்கு வந்த புதிதில் ஒரு போல்ட் லூசாக இருந்ததைப் பார்த்துக் கையால் முறுக்கிவிட்டிருக்கிறான். மறுநாளும் லூசு. ஸ்பேனர் வாங்கி இறுக்கினான். போல்ட்டின் வால் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் இல்லையா, அதைப் பிடித்து உள்ளே இருந்து யாரோ திருகுகிறார்களாம். பொழுது சாய்ந்ததும் ஆரம்பிக்குமாம். காது வைத்தால் நகம் வழுக்குகிற சத்தம் கேட்குமாம். அதனால்தான் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறானாம்.

"பயத்துல எதையாவது பேசிட்டே இருப்பேன். நான் பேசினா அது திருகுறதை நிறுத்திட்டுக் கேக்குது. நம்ம வீட்டுக் கதை எல்லாம் சொல்லி முடிச்சாச்சு அக்கா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, உதடு துடித்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்து வளையலைத் தேடினவனுக்கும் இதே முகம்தான். காலையில் திரையில் பார்த்தது மனசின் ஓரத்தில் கிடந்து உறுத்தத்தான் செய்தது. உறுத்தட்டும். இவனை நம்பி ஏமாறுகிற கேவலத்தை இன்னொரு தடவை படுவதைவிட, பார்த்ததைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் நம்பியிருப்பாயா என்று திருப்பிக் கேட்டான். அது அவள் கோபத்தை இன்னும் கிளப்பியது. நாளைக்கு வார விடுமுறை, நாளை மறுநாள் கண்காணிப்பாளர் வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போகிறேன் என்றாள். ஸ்பேனரைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அவன் பின்னாலேயே வாசல் வரை வந்தான். அதை மட்டும் கொடுத்துவிட்டுப் போ அக்கா என்று திரும்பத் திரும்பக் கேட்டான். காலைப் பிடிக்காத குறை. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் போனைச் சத்தம் இல்லாமல் ஆக்கிக் குப்புறப் போட்டுவிட்டுப் படுத்தாள்.

காலையில் எடுத்துப் பார்த்தால் திரை முழுக்க அவன் அழைப்புகள். வரிசையாக, ஒன்றின் கீழ் ஒன்றாக, அவன் பெயர். பிறகு நின்றிருந்தது. விடிந்தும் அவன் வரவே இல்லையே என்று அம்மா கேட்டாள். வேலை இருக்கும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவளுக்குத் தோன்றிய முதல் எண்ணம், ஓடிவிட்டான் என்பது. எதை எடுத்துக்கொண்டு ஓடினானோ என்பது இரண்டாவது. ஏதாவது ஆகியிருக்குமோ என்பது மூன்றாவதாகத்தான் வந்தது. அதற்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

விடுமுறை நாள் என்றால் தோட்டத்தில் ஈ காக்கை இருக்காது. சூடு வைத்து மெழுகு பூசுகிற வேலைகளை அவள் அந்த நாளில்தான் வைத்துக்கொள்வாள், பார்வையாளர் நடுவே டார்ச் பிடிக்க முடியாது. சொந்தச் சாவியால் கதவைத் திறந்தாள். புல்லெல்லாம் நனைந்திருந்தது. பனி வாடையோடு வேறு ஏதோ ஒரு வாடையும் இருந்தது, ரொம்ப நாள் மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்த மாதிரி.

தம்பி பெரியவருக்கு எதிரே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். சீருடைச் சட்டையின் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தான். காலில் ஷூ இல்லை.

"வா அக்கா" என்றான்.

அவளுக்கு உயிர் வந்தது. அந்த நிம்மதியிலேயே கோபமும் வந்தது. அத்தனை தடவை கூப்பிட்டாயே, என்னடா ஆச்சு, ஷூ எங்கே என்று பொரிந்து தள்ளினாள். நனைந்துவிட்டது, கழற்றிவிட்டேன் என்றான். ராத்திரி பயந்துவிட்டேன், இப்போது ஒன்றும் இல்லை என்றான். நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக, தொண்டை கட்டினவன் மாதிரி பேசினான். கிண்டல் இல்லை. இரவெல்லாம் விழித்தவனுக்குக் கிண்டல் எங்கிருந்து வரும்.

பிறகு அவள் எதிர்பார்க்காததைச் சொன்னான்.

"வளையலை எடுத்தது நான்தான் அக்கா. எடுத்துட்டு உன் மேல பழி போட்டேன். நீ அடி வாங்கினே. தப்பு. மன்னிச்சிடு."

எத்தனை வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குக் காத்திருந்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் துடைத்தாள். இவனைப் போய், தட்டை நகர்த்துகிற சாக்கில் கையை முகர்ந்தோமே, பையைத் துழாவினோமே என்று நெஞ்சு குறுகுறுத்தது. சந்தேகம் பிடித்தால் கூடப்பிறந்தவன்கூடத் திருடனாகத் தெரிவான். நானும் உன்னைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது என்றாள். கண்காணிப்பாளரிடம் எதுவும் சொல்லப்போவதில்லை என்றாள். அவன் தலையை ஆட்டினான்.

"ஸ்பேனரைக் குடு. நல்லா முறுக்கிடறேன். நீ மெழுகு பூசி மூடிடு. இனிமே யாரும் திறக்க வேண்டாம்."

அவள் கொடுத்தாள்.

போல்ட்டுகள் பாதிக்குமேல் வெளியே வந்திருந்தன. அவன் ஏறி ஒவ்வொன்றாக இறுக்கினான். நேற்று வரை இவனுக்கு இவ்வளவு பலம் இருந்ததா என்று நினைக்கும்படி இறுக்கினான், ஸ்பேனர் முனகியது. அவள் ஏணியைச் சாய்த்து, பழக்க தோஷத்தில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். கணீர் என்று கேட்கவில்லை. மண்பானையைத் தட்டின மாதிரி மொத்தென்று இருந்தது. பனி இறங்கியிருக்கும் என்று நினைத்தாள். இன்றைக்கு இவனைச் சந்தேகப்படுவதில்லை, இவன் தொட்ட எதையும் சந்தேகப்படுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

டார்ச்சைப் பற்றவைத்தாள். நீலச் சுடர் சீறியது. தகட்டின் மேல் மெதுவாக, ஒரே இடத்தில் நிற்காமல், மேலும் கீழுமாகக் காட்டினாள். மெழுகைத் தொட்டு வைத்தாள். உருகி ஓடியது.

டக்.

சூடேறும்போது வெண்கலம் சத்தம் போடும். விரியும், நெளியும், டக் டக் என்று சொல்லும். அவளுக்குப் பழகின சத்தம்.

டக். டக்.

தம்பி கீழே நின்று சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தான். இமைக்கவில்லை.

இன்னும் சூடு வேண்டும். பனியில் கிடந்த உலோகம், சீக்கிரம் ஏறாது. தோள் பக்கம் காட்டினாள். விலாப் பக்கம் காட்டினாள். சத்தம் கூடியது. டக் டக் டக். பிறகு ஒழுங்கு தப்பியது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று. தட்டும் சத்தத்துக்கு நடுவே தேய்க்கும் சத்தம். அவள் கை நின்றது.

சுடரை அணைத்தாள்.

அணைத்தால் சத்தம் மெதுவாகும். எப்போதும் அப்படித்தான்.

மெதுவாகவில்லை.

ஏணி அதிர்ந்தது. சிலையின் மேல் சாய்த்த ஏணி. உள்ளே இருந்து குத்துகிற குத்து அவள் பாதத்துக்கு வந்தது.

"உள்ள ஏதோ இருக்கு" என்றாள்.

"சூடு ஆறினா நின்னுடும் அக்கா" என்றான் தம்பி.

நின்றது.

மொத்தமாக. ஒரே அடியாக.

அவள் இறங்கினாள். கால் தரையில் பட்டதும் திண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மெழுகு வாசனை. உலோக வாசனை. அதற்கு அடியில் துணி கருகுகிற வாசனை. மயிர் கருகுகிற வாசனை.

வடிகால் துளை அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

அதில் ஏதோ அசைந்தது.

விரல். மெதுவாக வெளியே வந்தது. நகம் இல்லை. நகம் இருந்த இடத்தில் ரத்தமும் பச்சையும். துளையின் விளிம்பைத் தடவியது. வெளிக்காற்றைத் தடவியது. சுண்டுவிரல். நடுக்கணுவில் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது.

அந்த வளைவு அவளுக்குத் தெரியும். நடக்கப் பழகின வயசில் கதவிடுக்கில் நசுங்கினது. எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. ராத்திரி முழுக்க அழுதான். அம்மா மடியில் ஒரு பக்கம் அவன், மறுபக்கம் அவள்.

தலையைத் திருப்பினாள்.

தம்பி பக்கத்தில் குந்தியிருந்தான். கைகளை முழங்கால் மேல் வைத்திருந்தான். பத்து விரலும் நேராக, சுத்தமாக, வழவழப்பாக. சுண்டுவிரலும் நேர்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. துளையைப் பார்த்தான். அதில் துடிக்கிற விரலைப் பார்த்தான். அதன் வளைவைத் தலை சாய்த்துக் கவனமாகப் பார்த்தான். இதை மட்டும் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை என்பதுபோல.

பிறகு வலது கையால் தன் இடது சுண்டுவிரலைப் பிடித்தான். அழுத்தினான். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. முகம் சுளிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் வளைத்தான். துளையைப் பார்த்தான். இன்னும் கொஞ்சம்.

கையை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"இப்படியா அக்கா?"